அழ மறந்த பிள்ளைகள்: இளமை மனவடுவும் பிற்கால மனச்சோர்வும்



திருக்கோவலூர் இவ்வூருக்குத் தொலைவில் இல்லை. அந்நகரை ஆண்ட மலையமானின் சிறு மக்களைப் பிடித்துவந்து, யானைக் காலில் இட்டுக் கொல்லுமாறு சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் ஆணையிட்டான். பகை தந்தையோடு, தண்டனை பிள்ளைகளுக்கு. அவ்வேளையில் கோவூர்கிழார் என்னும் புலவர் குறுக்கே நின்று பாடிய பாட்டு புறநானூற்றில் 46-ஆம் பாட்டாக உள்ளது. சோழனுடைய முன்னோர் புறாவின் துயர் நீக்கியவர் என்பதையும், அப்பிள்ளைகளின் முன்னோர் புலவர்க்குப் பகுத்துக் கொடுத்து உண்டவர் என்பதையும் எடுத்துக்கூறி, அவர்களைப் புலவர் காப்பாற்றினார் என்பது வரலாறு.

அந்தப் பாட்டில் பலரும் விரைந்து கடந்துபோகும் ஓரிடம் உண்டு. யானைமுன் நிறுத்தப்பட்ட அச்சிறுவர் அழுகையை மறந்துவிட்டனர் என்கிறார் புலவர். பழக்கமில்லாத மன்றத்தை மருண்டு மருண்டு பார்க்கின்றனர். அதற்குமுன் அறியாத ஒரு துன்பம் அவர்களுக்கு உண்டாகியிருக்கிறது. வகுப்பறைகளில் இதனைப் பிள்ளைமையின் அறியாமை என்று விளக்குவது வழக்கம். சாவு இன்னதென்று தெரியாமல் யானையை வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் என்று சொல்லி மேலே போய்விடுவர். குழந்தை உளநூல் பயின்றவர் அவ்விடத்தில் வேறொன்றைக் காண்பர். தாங்கமுடியாத அச்சம் நேரும்போது குழந்தை அழுவதில்லை, உறைந்துபோகிறது. அழுகை என்பது யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கையின் குரல். அந்நம்பிக்கை அறும்போது குரலும் நின்றுவிடுகிறது. இழவு வீட்டுத் திண்ணையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, ‘புள்ள சமத்து, அழவே இல்ல’ என்று பெரியவர்கள் மெச்சிக்கொள்வதுண்டு. மெச்சத்தக்க செய்தி அன்று அது.

புலவரின் துணிவையும் வேந்தனின் மனமாற்றத்தையும் உரைகள் விரித்துரைக்கின்றன. பிள்ளைகள் விடுவிக்கப்பட்டதோடு அவர்களைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் அவர்கள் வளர்ந்திருப்பர், மணம் புரிந்திருப்பர், முப்பதாம் வயதிலோ நாற்பதாம் வயதிலோ தெருவில் யானை மணியோசை கேட்டபோது அவர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும்? இலக்கியம் அதைச் சொல்லவில்லை. இன்றைய உளமருத்துவம் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். யானை விலகிய பின்னும் யானையின் நிழல் எத்தனை ஆண்டு நிற்கும்?

சொற்களைப் பற்றி முதலில் ஒரு விளக்கம் தேவை. பேச்சுவழக்கில் எல்லாவற்றுக்கும் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல் புழங்குகிறது. தேர்வு நெருங்கும்போது மாணவனுக்கு வருவதும் மன அழுத்தம். வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது வருவதும் மன அழுத்தம். மனச்சோர்வு வேறு. குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதியும், மனம் இருண்டு கிடப்பது. முன்பு விரும்பிச் செய்தவற்றில் விருப்பம் அற்றுப்போவது. உறக்கமும் பசியும் கெடுவது. எழுந்து ஒரு குடம் தண்ணீர் எடுக்கவும் உடல் மறுப்பது. தான் எதற்கும் உதவாதவள், தான் இல்லாவிட்டால் மற்றவர்க்கு நல்லது என்ற எண்ணம் வேர்விடுவது. இவையே மனச்சோர்வின் இலக்கணம். அது நோய். சோம்பலோ திமிரோ அன்று.

இப்பகுதி ஊர்களில் அந்நோய் அப்பெயரோடு வருவதில்லை. ‘தல கனமா இருக்குது’, ‘நெஞ்ச அடைக்குது’, ‘கை கால் கொடையுது’, ‘ஒன்னுமே புடிக்கல’ என்ற சொற்களோடு வருகிறது. அவள் மருத்துவமனைக்குப் போகிறாள், குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், சத்து ஊசி போடுகிறார்கள், ஸ்கேன் எடுத்துப் பார்த்து ‘ஒன்றும் இல்லை’ என்று அனுப்புகிறார்கள். ஒன்றும் இல்லை என்று கேட்ட பிறகு அவள் இன்னும் சோர்கிறாள். ஆணுக்கு வரும்போது அது பெரும்பாலும் சினமாகவும் குடியாகவும் உருமாறி வருவதால், அவனை நோயாளி என்று எவரும் எண்ணுவதே இல்லை. இருவரிடமும் எவரும் கேட்காத ஒரு வினா உண்டு: சிறுவயதில் உங்களுக்கு என்ன நேர்ந்தது?

அவ்வினாவைக் கேட்டவர்கள் கண்டது என்ன? லண்டன் நகரின் தென்பகுதியிலுள்ள கேம்பர்வெல் என்னுமிடத்தில் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்னும் ஆய்வாளர் இருவர் பெண்களைச் சந்தித்து நெடுநேரம் உரையாடி, 1978-இல் ஒரு நூல் வெளியிட்டனர். பதினொரு வயதுக்குமுன் தாயை இழந்த பெண்கள், பிற்காலத்தில் வாழ்வில் ஓர் அடி விழும்போது, மற்றவர்களைவிட எளிதில் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் என்று அவர்கள் கண்டனர். அதே நூலில் வேறொரு செய்தியும் உண்டு. மனம்விட்டுப் பேச ஒருவர் அருகிலிருந்தால் அந்த அடி அவ்வளவு ஆழமாக இறங்குவதில்லை. பிறந்த ஊரையும் தோழியரையும் விட்டு, பெயர் மட்டுமே தெரிந்த ஊருக்கு மருமகளாய் வரும் தமிழ்ப் பெண்ணுக்கு இவ்விரண்டாம் செய்தியின் பொருள் சொல்லாமலே விளங்கும்.

அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் வேறொரு வாயில் வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார் வின்சென்ட் ஃபெலிட்டி என்னும் மருத்துவர். அவர் நடத்தியது உடல் பருமன் குறைக்கும் மருத்துவப் பிரிவு. 1980-களின் நடுவில் அவரை ஒன்று வியக்கவைத்தது. எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விட்டு விலகினர். ஏன் என்று ஒவ்வொருவராக விசாரித்தபோது, அவர்களுள் பலர் குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர் என்பது தெரியவந்தது. பருத்த உடம்பு அவர்களுக்கு ஒரு கோட்டைச் சுவராக இருந்திருக்கிறது. பின்னர் ராபர்ட் ஆண்டா என்னும் ஆய்வாளரோடு சேர்ந்து அவர் நடத்திய பெரிய ஆய்வின் முதல் அறிக்கை 1998-இல் வெளிவந்தது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். அடி, வசை, பாலியல் கொடுமை, தாய் அடிபடுவதைக் காண்பது, குடிப்பவரோ மனநோயாளரோ சிறை சென்றவரோ உள்ள வீட்டில் வளர்வது என ஏழு வகைத் துன்பங்களைப் பற்றிக் கேட்டனர். பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒன்றையாவது பட்டிருந்தனர். நான்கும் அதற்கு மேலும் பட்டவர்களிடம், ஒன்றும் படாதவர்களைக் காட்டிலும், மனச்சோர்வுக்கான வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேலாக இருந்தது. தற்கொலைக்கு முயலும் வாய்ப்பு ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. அவர்கள் ஏழைகளுமல்லர்; பெரும்பாலோர் படித்து வேலையிலிருந்த நடுத்தர மக்கள். முதியவர்கள் நினைவிலிருந்து சொன்னவற்றை வைத்துக் கணக்கிட்ட ஆய்வு என்ற குறை அதற்கு உண்டு. ஆயினும் பின்னர் வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் இத்தொடர்பை மறுக்கவில்லை.

நடந்து முப்பதாண்டு கழிந்த ஒன்று உடலில் எங்கே தங்கியிருக்கிறது? அச்சம் நேர்ந்தவுடன் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு செய்தி அனுப்புகிறது. அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பி அதை வாங்கிச் சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிக்குக் கடத்துகிறது. கார்ட்டிசால் என்னும் சுரப்பு குருதியில் கலக்கிறது. உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. ஆபத்து நீங்கியதும் அச்சுரப்பே மூளைக்குத் திரும்பிச் சென்று ‘போதும்’ என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். வளரும் பருவத்தில் இவ்வோட்டம் நாள்தோறும் நிகழ்ந்தால் நிறுத்தும் பொறி தேய்ந்துவிடுகிறது. வேளாண் மக்கள் நிறைந்த இவ்வவையில் இதனை எளிதாகச் சொல்லலாம். மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானே ஓடச்செய்யும் ஆட்டோ ஸ்டார்ட்டர் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வற்றிய கிணற்றிலும் மோட்டார் ஓடும். ஓடிக் காயில் கருகும். கிறிஸ்டின் ஹைம் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பெண்களிடம் சோதித்துக் காட்டியது. பிறர் முன்னிலையில் பேசவும் மனக்கணக்குப் போடவும் சொன்னபோது, இளமையில் கொடுமைக்கு ஆளான பெண்களின் உடலில் பிட்யூட்டரியின் எச்சரிக்கைச் சுரப்பு மற்றவர்களினும் மிகுதியாகப் பொங்கியது. அப்போது மனச்சோர்வு இல்லாதவர்களிடமும் அது மிகுந்தே இருந்தது. மன்றத்தை மருண்டு நோக்கிய சிறுவரைக் கோவூர்கிழார் கண்டார். அம்மருட்சி முதிர்ந்த வயதிலும் உடலில் எஞ்சியிருப்பதை ஆய்வுக்கூடம் அளந்திருக்கிறது.

எல்லாத் துன்பமும் ஒரே வகையாக எஞ்சுவதில்லை. இங்கே தொல்காப்பியம் துணைக்கு வருகிறது. மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளியராதல். இழவு என்பது உயிரையோ உடைமையையோ இழத்தல். அசைவு என்பது முன்னைய நிலையிலிருந்து தளர்ந்து வேறாதல். வறுமை விளக்கம் வேண்டாதது. அச்சத்துக்கும் நான்கு களன் சொல்கிறார் தொல்காப்பியர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் வெளியிலிருந்து வருவன. நான்காவது, தம்மை ஆள்வோரிடமிருந்து வரும் அச்சம். அரசனையே ஆசிரியர் முதலில் எண்ணியிருக்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு இறை யார்? தந்தையும் ஆசிரியருமே. பேய்க்கும் விலங்குக்கும் அஞ்சிய குழந்தை ஓடிவந்து இறையின் காலைக் கட்டிக்கொள்ளும். இறைக்கே அஞ்ச நேர்ந்த குழந்தை எங்கே ஓடும்?

ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, 2024 டிசம்பர் தொடக்கத்தில், மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்ததையும், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததையும், கட்டியிருந்த மாடு நின்ற நிலையில் தவித்ததையும் இப்பகுதி மக்கள் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! தேநீர்க் கடையிலும், நூறு நாள் வேலை நடந்த இடத்திலும், ஆட்டுச் சந்தையிலும் பேச்சு அதுவாகவே இருந்தது. பிள்ளைகளும் கூட நின்று ‘எங்கூட்டுல கட்டில் வரைக்கும் தண்ணி’ என்று போட்டி போட்டுச் சொல்லியிருப்பர். ஊர் முழுதும் பட்ட துன்பத்தை ஊர் முழுதும் பேசித் தீர்க்கிறது. அதே பிள்ளைக்கு இரவில் தந்தையின் கையால் நேர்ந்ததையோ, உறவினன் ஒருவனால் நேர்ந்ததையோ எந்தக் கடையிலும் சொல்ல முடியாது. அது வீட்டின் மானம். இழவுக்கு ஊர் கூடும். இளிவுக்கு எவரும் கூடுவதில்லை. குழந்தைப் பருவக் காயம் மனச்சோர்வாக முதிர்வதற்கு அடியின் வலிமை மட்டும் காரணமன்று; அதைச் சுற்றிக் கட்டப்படும் மௌனமும் காரணம்.

இழவுக்குத் தமிழர் கண்ட மருந்து ஒப்பாரி. நெஞ்சிலடித்துக்கொண்டு, தோளோடு தோள் கட்டி, இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, வரிசை வரிசையாகக் குறை சொல்லி அழுவது ஒரு பெரிய ஏற்பாடு. அங்கே ஒரு நுட்பம் உண்டு. பக்கத்து வீட்டு முதியவர் இறந்ததற்காகக் கூடும் பெண்கள் தத்தம் வீட்டுத் துயரத்தையும் அதில் ஏற்றி அழுதுவிடுகின்றனர். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, ஏழு வயதில் தாயை இழந்ததை, வேறு யாருடைய சாவிலோதான் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. ஆனால் தாய் இறந்த அந்நாளில் அவளை அழவிடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அத்தை வீட்டில் விட்டுவிட்டனர். ‘அம்மா ஊருக்குப் போயிருக்கா’ என்றனர். அன்பினால் சொன்ன பொய்தான். அப்பொய்யால் அவள் ஒப்பாரிக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். இக்காலத்தில் ஒப்பாரியும் ஒலிபெருக்கியின் பொறுப்பாகிவிட்டதால், பெரியவர்களுக்கே அந்த வாயில் அடைபட்டு வருகிறது.

பாரியை இழந்த மகளிரைக் கபிலர் இதே திருக்கோவலூர்ப் பக்கம் அழைத்துவந்தார் என்பது மரபு. அம்மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 112-ஆம் பாட்டு, தந்தை இருந்த மாதத்து நிலவையும் இல்லாத மாதத்து நிலவையும் அருகருகே வைக்கிறது. துயரத்தை எழுப்ப நிலவு ஒன்றே போதுமாயிற்று. ஆண்டுதோறும் அதே நாள், அதே மணம், அதே ஓசை வரும்போது ஆறிய புண் வாய் திறக்கும் என்று மருத்துவர் இன்று சொல்வதும் இதுவே.

இவ்வாய்வுகள் எல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுக் கணக்கு, தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றிய சான்று ஈழத்திலிருந்து கிடைக்கிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் உளமருத்துவராகப் பணிபுரிந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993-இல் ‘மனவடு’ என்னும் நூலைத் தமிழிலேயே எழுதினார். இத்துறையில் தமிழில் நிலைத்துவிட்ட ‘மனவடு’ என்ற சொல்லின் புழக்கத்துக்கு அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு குழு நடத்திய ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. போரையும் பார்த்த பிள்ளைகள். கடல் ஊருக்குள் புகுந்ததையும் பார்த்த பிள்ளைகள். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அந்த வயதிலேயே மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வீட்டுக்குள் ஏதேனும் ஒரு வன்முறையைச் சந்தித்திருந்தனர். தந்தையின் குடி அதனோடு தொடர்புற்றிருந்தது. பிள்ளைகளின் மனநலக் கேட்டைக் கணக்கிட்டபோது, குண்டும் கடலும் மட்டுமல்லாமல், வீட்டில் விழுந்த அடியும் தன் பங்கைத் தனியே காட்டி நின்றது. இத்தனை பேரழிவுக்கு நடுவிலும் பெல்ட்டும் விறகுக்கட்டையும் கணக்கில் மறையவில்லை.

இந்தியாவில் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஆந்திரமும் கேரளமும் உட்பட 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்த அறிக்கை அது. மூவரில் இருவர் உடல் வதைக்கு உள்ளானவர். பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்தவர். ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளுக்குக் குறையாமல் இத்துன்பத்துக்கு ஆளாகின்றனர் என்று அவ்வறிக்கை காட்டியது பலருக்கு அதிர்ச்சி தந்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் 2012-இல் வந்தது.

பள்ளியைப் பற்றியும் சொல்லவேண்டும். இவ்வவையில் ஆசிரியர் பலர் உள்ளனர். ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி மாட்டுக்குச் சொல்லப்பட்டது. மாணவனுக்கு அதைச் சொன்னவர் மாட்டையும் அறியாதவர், மாணவனையும் அறியாதவர். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடைசெய்தது. பிரம்பு பெரும்பாலும் மறைந்தது; நாக்கு மறையவில்லை. தீயினால் சுட்ட புண் உள்ளே ஆறும், நாவினால் சுட்டது ஆறாது என்று வள்ளுவர் சொன்னதை மாணவன் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறான். அக்குறள் மாணவனுடைய நாவை அடக்குவதற்கே பயன்படுத்தப்படுகிறது. ஆசிரியருடைய நாவுக்கும் அது எழுதப்பட்டது என்று யாரும் கற்பிப்பதில்லை. கே. ஏ. குணசேகரன் தம் இளமைக் காலத் தன்வரலாற்றுக்கு ‘வடு’ என்றே பெயரிட்டார். 2005-இல் அது வெளிவந்தது. பாமாவின் ‘கருக்கு’ அதற்குமுன் 1992-இல் வந்தது. சாதியின் பெயரால் சிறுவயதில் பட்ட இளிவை நடுவயதில் எழுத்தாக்கிய நூல்கள் இவை. இவற்றைச் சமூக ஆவணங்கள் என்று மட்டும் படிப்பது போதாது. ஊர் காதுகொடுக்க மறுத்ததைத் தாளிடம் சொல்லிய ஒப்பாரிகள் என்றும் இவற்றைப் படிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

எழுதத் தெரியாதவர்கள் எங்கே போகிறார்கள்? விழுப்புரம் மாவட்டத்தவர்க்கு விடை தெரியும். அமாவாசை இரவுகளில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தில், பேய் பிடித்தவர் என்று அழைத்துவரப்படும் பெண்கள் உண்டு. பம்பை முழங்க, தலைவிரித்து ஆடும் பெண்ணிடம் கேட்கப்படுவது: ‘யார் நீ? எங்கேருந்து வந்தே? ஒனக்கு என்ன வேணும்?’ படித்தவர்கள் இதனை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். அடித்தும் சூடு வைத்தும் செய்யப்படும் கொடுமைகள் கண்டிக்கத்தக்கன. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அக்கேள்விகளை நோக்க வேண்டும். ‘ஒனக்கு என்ன வேணும்’ என்று அவளை அதுவரை வீட்டில் யாரேனும் கேட்டதுண்டா? அவள் வாயிலிருந்து வரும் விடையையும் அவள் பெயரில் எவரும் கேட்பதில்லை. பேயின் பெயரில்தான் கேட்கின்றனர். தன் துயரைத் தன் பெயரில் சொல்ல உரிமை இல்லாதவள் வேறொருவர் பெயரைக் கடன் வாங்குகிறாள் என்று அதைப் புரிந்துகொள்ள இடமுண்டு.

இளமையில் காயம்பட்டவர் எல்லாரும் பின்னர் நோயில் வீழ்வர் என்று இதுவரை சொன்னவற்றிலிருந்து எவரும் முடிவுகட்டிவிடக் கூடாது. அது தலைவிதிக்கு வேறு பெயர் வைப்பதாகும். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் உளவியலார் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்துவந்தார். வறுமை, குடி, குடும்பச் சண்டை எனப் பல இடர்களுக்கு நடுவே பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமும் அன்பும் உடையவராக வளர்ந்தனர். அவர்கள் வாழ்வில் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, தன்மேல் நிலையான அன்புகாட்டும் ஒருவரேனும் அருகில் இருந்தமை. பாட்டியோ, மாமனோ, அண்டை வீட்டாரோ, ஓர் ஆசிரியரோ, எவராயினும் சரி. ஒரே ஒரு கோவூர்கிழார்.

வளர்ந்தபின் நோய் வந்தவர்க்கும் வழி இருக்கிறது. மருந்து உண்டு, பேச்சுச் சிகிச்சையும் உண்டு, இரண்டும் சேர்ந்தும் அளிக்கப்படும். பேச்சுச் சிகிச்சை என்றால் பெருநகரத்து மருத்துவரிடம் மணிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பெறுவது என்ற எண்ணத்தை, கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு மாற்றியது. மருத்துவப் பட்டம் இல்லாத, ஆனால் முறையான பயிற்சி பெற்ற உள்ளூர் மக்கள் சில அமர்வுகளில் கடும் மனச்சோர்வைக் குறைத்துக் காட்டினர். இந்நெடுஞ்சாலையிலேயே தெற்கே போனால் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மனஸ் என்னும் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். இன்றைக்கு ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098. ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்று ஊர் வைத்திருக்கும் பெயர்தான் பலரைப் படியேறவிடாமல் தடுக்கிறது. அப்பெயரை மாற்றுவது மருத்துவரால் ஆகாது; சொல்லோடு பழகுகிறவர்களாலேயே ஆகும்.

இறுதியாக, அண்மையில் நடந்த ஒன்று. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அதனைச் சூழ்ந்த இடங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். தந்தை, தாய் இருவரையும் ஒருசேர இழந்த பிள்ளைகள் இருந்தனர். தெருவெங்கும் வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களை நாடு முழுதும் தொலைக்காட்சியில் பார்த்தது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாயும், அவர்கள் பெயரில் 5 லட்சம் ரூபாய் நிலை வைப்பும் அளிக்கப்படும் என்று அரசு அறிவித்தது. வேண்டிய உதவிதான் அது. வறுமை என்னும் களனுக்கு அது மருந்து. இழவுக்கு ஊர் கூடி அழுதது. எஞ்சியது இளிவு. சாராயம் குடித்துச் செத்தவர் பிள்ளைகள் என்ற பெயர் அவர்களுக்கு முன்னே நடந்து பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

2024 ஜூனில் ஐந்து வயதாயிருந்த குழந்தைக்கு 2037-இல் பதினெட்டு நிறையும். வைப்புத் தொகை அப்போது கைக்கு வரும். இடையில் பதின்மூன்று ஜூன் மாதங்கள். ஜூன் பள்ளி திறக்கும் மாதம். புது வகுப்பு, புது ஆசிரியர். முதல் நாள் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பிப் பெயர் கேட்பார், ஊர் கேட்பார், பிறகு, ‘அப்பா என்ன வேலை செய்யறார்?’ என்று கேட்பார்.